ஆண்டில் பாதி நாள் ஷெட்டில் நிற்கும் 1996 பென்ஸ் இ 220: வீட்டிலேயே பராமரிப்பது பற்றிய விவாதம்

கானாடுகாத்தான் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சி 1996-இல் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் இ 220 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. டபிள்யூ 124 என்று அறியப்படும் இந்த வரிசை 1984-இன் இறுதியில் ஜெர்மனியில் அறிமுகமாகி, 1993-இல் இ கிளாஸ் என்று பெயர் மாறி, 1995 முதல் புனேயில் பாகங்கள் பூட்டப்பட்டு நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. என்னிடம் இருப்பது 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும் உள்ள வண்டி. எஞ்சினைத் திறக்கும் வேலை, ஏசி வாயு நிரப்பும் வேலை ஆகிய இரண்டையும் தவிர மற்றவற்றை வீட்டிலேயே செய்துவருகிறேன்.

நம் செட்டிநாட்டுப் பகுதியில் இப்படிப்பட்ட கார்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. திருமணம், கோவில் திருவிழா, பிள்ளையார் நோன்பு என்று பூட்டிக் கிடக்கும் வீடு திறக்கும் நாள்களில் அவை வெளியே வருகின்றன. மற்ற மாதங்களில் துணி போர்த்தி ஷெட்டில் நிற்கின்றன. மீட்டரில் குறைவாக ஓடியிருப்பதைக் காட்டி, ‘வண்டி புதுசு மாதிரி’ என்று விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓடுகிற காரில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகிறது, சீல்கள் நனைந்திருக்கின்றன, பேட்டரி ஏறுகிறது, பிரேக் டிஸ்க் தானாகத் துடைபடுகிறது. நிற்கிற காரில் இவை எதுவும் நடப்பதில்லை. ஆகவே நம் ஊர்க் கார்களுக்குச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர்க் கணக்கை இரண்டாவதாக வைத்து, மாதக் கணக்கை முதலாவதாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் சக்கரத்தருகே பழைய ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடினால் போதும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள பின்சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும், மேலே உள்ள ஆயில் டப்பா வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹேண்ட்பிரேக் பற்றியும் ஒரு சொல். இந்த வண்டியில் அது காலால் மிதிப்பது. பின் டிஸ்கின் உள்ளே சிறு டிரம்மும் ஷூவும் தனியாக உள்ளன. அதை மிதித்தபடியே ஐப்பசி, கார்த்திகை மழைக் காலம் முழுவதும் நிறுத்திவைத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஷெட்டில் விடும்போது ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டு, கியரை ‘பி’யில் (பார்க்) போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதே சரி.

டயரில் பட்டன் (தரையைப் பற்றும் ரப்பர்க் கட்டைகள்) ஆழத்தைப் பார்த்து ‘இன்னும் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதும் இதே பிழையான கணக்குதான். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் முழுவதுமாக இருந்தாலும், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடத் தொடங்கிவிட்டால் நான் மாற்றிவிடுகிறேன். திருமயம் சாலையில் வெயில் நேரத்தில் வேகமாகப் போகும்போது அந்த வெடிப்பு எங்கே போய் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று: நம் வீடுகளில் ஷெட்டாக மாற்றிய பகுதிகளில் ஆத்தங்குடிக் கல் (கையால் வார்த்த சிமெண்டுத் தரைக்கல்) பதித்த தரை இருக்கலாம். ஜாக்கியின் சிறிய அடிப்பகுதியை நேராக அதன் மீது வைத்தால் கல் பிளக்கும். கல் பிளந்தால் ஜாக்கி சாயும். தேக்குப் பலகைத் துண்டு ஒன்றை அகலமாக அடியில் போட்டு அதன் மேல் ஜாக்கியை வைக்க வேண்டும். தூக்கியபின் ஸ்டாண்டு கொடுக்காமல் எவரும் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

உங்களிடம் நான் கேட்க விரும்புபவை மூன்று: எஞ்சின் ஒயரிங்கை என்ன செய்வது, ஆட்டோமேட்டிக் கியரின் ஆயிலை வீட்டில் மாற்ற முடியுமா, எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் வைத்திருக்கலாமா? எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கோட்டையூர் பேட்டரி எழுதியது:

வணக்கம் தம்பி. கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நம் ஊரில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் நடப்பது அதுதான்.

கார் பூட்டி நிற்கும்போதும் கடிகாரம், அலாரம், ரேடியோ நினைவகம் ஆகியவை சிறிது மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, ஒரு வாரத்துக்கு 8.4 ஆம்பியர் மணி. பத்து நிமிடம் ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும்) ஓடும்போது பேட்டரிக்குள் நிகரமாக 10 ஆம்பியர் ஏறுவதாகத் தாராளமாகவே கணக்கிட்டாலும் கிடைப்பது 1.7 ஆம்பியர் மணிதான். இழப்பது எட்டு, பெறுவது இரண்டுக்கும் குறைவு. வாரந்தோறும் ஸ்டார்ட் செய்தும் பேட்டரி ஓராண்டில் செத்துவிடுகிறதே என்று வியப்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஸ்டார்ட் செய்து நிறுத்துவதில் இன்னொரு தீங்கும் உண்டு. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகும். எஞ்சினும் சைலென்சரும் முழுச் சூட்டை அடைந்தால் அந்த ஈரம் வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில் நிறுத்தினால் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலிலும், ஒரு பகுதி சைலென்சரின் உள்ளேயும் தங்கிவிடும். சைலென்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பதும், ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் பசை படிவதும் இதனால்தான். ஸ்டார்ட் செய்தால் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வரையாவது போய்த் திரும்ப வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமலே விடுவது மேல்.

பேட்டரி நிலையை அறிய ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். வண்டி ஓடி நின்று சில மணி நேரம் கழித்து, எந்த விளக்கும் எரியாதபோது, டெர்மினலில் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4-க்குக் கீழே நெடுநாள் இருந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. வெப்பம் 10 பாகை கூடக்கூட, பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் ஷெட்டின் உள்ளே இருக்கும் வெப்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆகவே ஷெட்டில் ஒரு தானியங்கிச் சார்ஜரை நிரந்தரமாகப் பொருத்திவிடுவதுதான் சிறந்த வழி. மின்சாரம் அடிக்கடி போகும் இடமானால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவைக்கலாம். மின்சாரம் துண்டித்தபின் ரேடியோ கேட்கும் ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈயத் தகட்டையும் துருவையும் பற்றி நாடு முழுவதற்கும் சொல்லித்தரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நாம் ‘சிக்ரி’ என்று அழைப்பது, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் நம் காரைக்குடியிலேயே திறக்கப்பட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து இங்கே கொண்டுவந்த நிறுவனம் அது. அப்படிப்பட்ட ஊரில் பேட்டரிகளைக் கேட்பாரற்றுக் கெடவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

தேவகோட்டை எழுதியது:

இருவருடைய பதிவுகளையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டு பழைய காரை வீட்டில் வைத்துப் பழுது பார்ப்பது எல்லோருக்கும் உகந்ததல்ல. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரலில் கார்களுக்கு 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. உதிரிபாகம், வரி, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு புதிய சிறிய காரின் மாதத் தவணைக்கு அருகில் வருகிறது. திருச்சியிலோ மதுரையிலோ தெரிந்த பட்டறையில் விட்டுவிடுவது நிம்மதி அல்லவா?

மேலும், வெயில் காலத்தில் சூடேறும் தொல்லைக்கு நம் ஊர் மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிடுகிறார்கள். என் பழைய காரிலும் அப்படித்தான் செய்தார்கள், அதன்பிறகு சூட்டைக் காட்டும் முள் ஏறவே இல்லை. பென்ஸுக்கும் அதையே செய்யலாமே?

புதுவயல் பட்டறை எழுதியது:

தேவகோட்டை அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் பட்டறை வைத்திருப்பவன், ஆகவே ‘பட்டறைக்குக் கொண்டுபோங்கள்’ என்று சொல்வதுதான் எனக்கு ஆதாயம். ஆனாலும் இந்த வரிசைக் கார்களைப் பொறுத்தவரை கானாடுகாத்தான் தம்பி சொல்வதே சரி என்பேன். இவற்றை வடிவமைத்தவர்கள் பழுது பார்ப்பவனின் கையை நினைத்துப் பார்த்து வடிவமைத்திருக்கிறார்கள். பானெட் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். ஸ்பேனர் போக இடம் இருக்கும். கழற்றியது கழற்றியபடியே திரும்பிப் பூட்டும். இன்றைய கார்களில் இது கிடையாது.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் அண்ணனோடு நான் உடன்படவில்லை. இந்த எஞ்சினின் தெர்மோஸ்டாட் 87 பாகையில் திறப்பது. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும். சில நாள்களில் வரவே வராது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயிலை நீர்த்துப்போகச் செய்துவிடும். மைலேஜ் போகும், பிஸ்டன் ரிங் தேயும். முள் ஏறவில்லை என்பது நோய் தீர்ந்ததாக ஆகாது. ரேடியேட்டர் அடைத்திருப்பதையும் முன் விசிறிகள் சுழலாமல் கிடப்பதையும் அது மறைத்துவைக்கிறது, அவ்வளவுதான். சூடேறினால் ஏசியைப் போட்டுவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள மின்விசிறிகள் சுழல்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு ரேடியேட்டர் மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தைப் பாருங்கள்; வயதானால் அது பழுப்பேறி மொரமொரப்பாகிவிடும், ஹோஸைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். கடற்கரை ஊர்க் கார்களில் முதலில் தகரம் போகும். நம் ஊரில் தகரம் நிற்கும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் போகும்.

கூலண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊருணித் தண்ணீரோ போர்த் தண்ணீரோ ஊற்றி ஓட்டிய ரேடியேட்டர்களை வெட்டிப் பார்த்தால் உள்ளே குழாய்களின் சுவரில் வெள்ளையாகக் கல் படிந்திருக்கும். இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம்; துருத் தடுப்பான் இல்லாத தண்ணீர் அதை அரிக்கும். பனி விழாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும் அரிப்பைத் தடுப்பதும்தான் நமக்கு முக்கியம். கூலண்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி என்று கலந்து ஊற்ற வேண்டும். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பிடித்த மழைத்தண்ணீர் நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். குடிக்க நல்லது, ஆனால் ஓட்டின் தூசியோடு வரும் அதை ரேடியேட்டரில் ஊற்ற வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டரின் விலை ஒரு பொருட்டே அல்ல.

இனி ஒயரிங். 1990-களின் முற்பாதியில் தயாரான இந்த வரிசைப் பெட்ரோல் எஞ்சின்களின் ஒயரிங் உறை வெப்பத்தில் நொறுங்கும் என்பது உலகெங்கும் இவற்றை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. தம்பியின் கார் 1996 என்பதால் பாதிப்பு உண்டா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர்களின் வெளி உறையை ஒரு விரற்கடை அளவு மெதுவாக விலக்குங்கள். உள்ளே இருக்கும் ஒயரின் நிற உறை வளைக்கும்போது உடையாமல் வளைந்தால் நல்லது. மாறாக, உலர்ந்த அப்பளத் துண்டு போல உதிர்ந்து செம்பு வெளியே தெரிந்தால், அந்த நிமிடமே கையை எடுத்துவிடுங்கள். மேலும் அசைத்தால் இரண்டு ஒயர்கள் ஒன்றோடொன்று உரசி, எஞ்சின் கம்ப்யூட்டர் வரை சேதம் போகலாம். மிஸ்ஸிங் அடிப்பது, சூடானபின் நின்றுவிடுவது, காரணமில்லாமல் ஐட்லிங் ஏறி இறங்குவது ஆகியவை இதன் அறிகுறிகள். இந்த நிலையில் பிளக்கையும் காயிலையும் சென்சாரையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பணத்தைச் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிறு பொருளைச் சொல்ல மறக்கக் கூடாது. இந்த வரிசைக் கார்கள் பலவற்றில் பேட்டரிக்குப் பின்னால், மேல் மூடிக்குள் சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸோடு ஒரு ரிலே இருக்கும். மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏறினால் கம்ப்யூட்டருக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. ஏபிஎஸ் விளக்கு எரிந்து, ஐட்லிங்கும் கெட்டிருந்தால் முதலில் அந்த ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், ரிலேயின் உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கும். நம் ஊரில் பேட்டரி இறங்கிய காருக்கு வேறு பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றிப் பழைய பேட்டரியை மாட்டும் பழக்கம் இருக்கிறது. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து அப்போது பாயும் அழுத்தம் இந்த ரிலேயைச் சுட்டுவிடும். ரிலே தாங்காவிட்டால் அடுத்தது கம்ப்யூட்டர். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

கானாடுகாத்தான் வாசி எழுதியது:

புதுவயல் அண்ணனுக்கும் கோட்டையூர் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. தானியங்கிச் சார்ஜர் இன்று ஷெட்டில் ஏறிவிட்டது. வாரந்தோறும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட்டேன்; அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை காரைச் சுற்றி வந்து தரையில் ஒழுக்கு உள்ளதா, காற்று இறங்கியிருக்கிறதா, எலி நடமாட்டம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்கிறார்.

ஒயரிங்கைப் பார்த்தேன். இன்ஜெக்டர் பக்கம் இரண்டு ஒயர்களில் உறை வெடித்திருக்கிறது, மற்றவை இன்னும் வளைகின்றன. வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஏர் ஃபில்டர் டப்பாவின் மூலையில் எலி கொண்டுவந்து சேர்த்த வேப்பங்கொட்டைகளும் பஞ்சும் கிடந்தன. நெடுநாள் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும் முன் அந்த டப்பாவைத் திறந்து பார்ப்பது கட்டாயம் என்பதை அனைவருக்கும் சொல்லிவைக்கிறேன். கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் சல்லடையையும் கையோடு சுத்தம் செய்தேன். வேப்பிலை அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் நேராக ஏசி புளோயருக்குள் இறங்கும்.

தேவகோட்டை அண்ணன் சொன்ன செலவுக் கணக்கை நான் மறுக்கவில்லை. புதுப்பித்தலும் 2026-இல் வருகிறது. ஆனால் பட்டறையில் விட்டாலும் காரை நாள்தோறும் பார்ப்பவர் நாம்தான். டயர் வெடிப்பையும், ஹோஸின் உப்பலையும், கூலண்ட் ஒரு விரல் இறங்கியிருப்பதையும் கவனிக்கிற கண் வீட்டில் இல்லையென்றால், எவ்வளவு பெரிய பட்டறையாலும் அந்தக் காரை நல்ல நிலையில் வைத்திருக்க முடியாது என்று நம்புகிறேன்.

அண்ணனிடம் ஒரு கேள்வி: உறை வெடித்த ஒயர்களை மட்டும் மாற்றலாமா, முழு ஒயரிங்கையும் மாற்ற வேண்டுமா?

காரைக்குடி எழுதியது:

பெட்ரோல் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் நான் எழுதுகிறேன். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது. இந்தக் கார் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அந்தக் கலவை இங்கே பேச்சிலேயே இல்லை. மைலேஜ், ரப்பர், ஈரம் என்ற மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் ஆறேழு விழுக்காடு குறைவது இயல்பு. அதற்காக டியூனிங்கைக் குடைய வேண்டியதில்லை. ரப்பர் ஹோஸ்கள்தான் உண்மையான கவலை. பழைய வகை ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். இந்த வரிசையில் பெட்ரோல் பம்பும் ஃபில்டரும் காரின் அடியில், வலது பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரே கூட்டில் இருக்கின்றன. அங்குள்ள ஹோஸ்களையும் எஞ்சின் பக்கத்து ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் ஹோஸாக மாற்றிவிட வேண்டும். வெறும் ‘பெட்ரோல் ஹோஸ்’ என்று கேட்டால் கடையில் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இது இன்ஜெக்‌ஷன் வண்டி, குழாயில் அழுத்தம் இருக்கும். வேலைக்கு முன் அழுத்தத்தை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, ஷெட்டின் கதவுகளை விரியத் திறந்துவையுங்கள்.

மூன்றாவது ஈரம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து தங்கும், பம்ப் முதலில் அதைத்தான் உறிஞ்சும். டேங்கை நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடமின்றி ஈரம் ஏறுவது குறையும். ஆனால் ஆறு மாதம் நிற்கப்போகும் காரில் முழு டேங்க் பழைய பெட்ரோல் மிஞ்சும் என்பதும் உண்மை. ஆகவே இரண்டு, மூன்று மாதத்துக்குள் ஓட்டப்போவதானால் நிரப்பி வைக்கலாம். அதற்கு மேல் நிற்குமானால் குறைத்து வைத்துவிட்டு, வந்தவுடன் புதிய பெட்ரோல் ஊற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

கோட்டையூர் பேட்டரி எழுதியது:

காரைக்குடித் தம்பி சொல்வதில் ஒன்றில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். இந்தக் காரின் டேங்க் தகர டேங்க். நெடுநாள் காலியாக விட்டால் மேல்சுவர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அந்தத் துருத் தூள் ஃபில்டரை அடைக்கும். ஆகவே எவ்வளவு காலம் நின்றாலும் பாதிக்குக் குறையாமல் வைத்திருப்பதே என் பரிந்துரை. பழைய பெட்ரோலைப் புதியதோடு கலந்து எரித்துவிட முடியும்; துருப்பிடித்த டேங்கை அவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடியாது.

புதுவயல் பட்டறை எழுதியது:

தம்பியின் ஒயரிங் கேள்விக்கு: இரண்டில் வெடித்திருந்தால் மற்றவையும் அதே சூட்டில் அதே ஆண்டுகள் இருந்தவைதான். முழுவதையும் மாற்றுவதே சரி. புதிய ஒயரிங் கிடைத்தால் நல்லது. பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ‘ஏ’ என்ற எழுத்துக்குப் பின் வரும் முதல் மூன்று இலக்கங்கள் பெரும்பாலும் வரிசையைக் குறிக்கும், 124 என்றால் இந்தக் காரின் உடல் சார்ந்தது, 111 என்றால் இந்த எஞ்சின் சார்ந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடுவோர் கண்ணாடி, கைப்பிடி, விளக்கு போன்றவற்றை அங்கே வாங்கலாம்; ஒயரிங்கைப் பழையதாக வாங்க வேண்டாம், அதே நோய்தான் அதிலும் இருக்கும்.

புதியது கிடைக்காவிட்டால் பழைய கனெக்டர்களை வைத்துக்கொண்டு ஒயரை மட்டும் மாற்றிக் கட்டலாம். சாதாரண பிவிசி ஒயரைப் போடாதீர்கள். டெஃப்ளான் உறை 200 பாகைக்கு மேலும் தாங்கும். அதே தடிமனில் வாங்குங்கள். ஒரு ஒயரைக் கழற்றினால் அதைப் பூட்டி முடித்த பின்புதான் அடுத்ததைத் தொட வேண்டும். கனெக்டர் பின்னில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட, சரியான கிரிம்பிங் கருவியால் நெரித்துப் பூட்டுவது நல்லது. பற்றவைத்த இடத்தில் ஒயர் விறைத்துப்போய், எஞ்சின் அதிர்வில் அங்கேயே ஒடியும். பொறுமையான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம்.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் வீட்டிலேயே மாற்ற முடியும். பெரும்பாலான புதிய கார்களில் இல்லாத வசதி ஒன்று இதில் இருக்கிறது: கியர் பெட்டியின் தட்டில் ஒரு வடிகால் போல்ட் இருப்பதோடு, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் தனியாக ஒன்று இருக்கிறது. தட்டை மட்டும் வடித்தால் பழைய ஆயிலில் பெரும்பகுதி கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். இரண்டையும் வடித்தால் ஏறத்தாழ முழுவதும் வந்துவிடும். கன்வெர்ட்டர் போல்ட் அடிப்பக்கத்துத் திறப்புக்கு நேராக வந்தால்தான் தெரியும். அதற்காக ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டிப் பார்க்காதீர்கள். எஞ்சினின் முன்பக்கம் கிராங்க் நட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுழற்றினால் போல்ட் திறப்புக்கு வந்து நிற்கும். எதிர்த்திசையில் சுழற்றக் கூடாது.

வடித்தபின் தட்டைக் கழற்றி ஃபில்டரை மாற்றுங்கள், கேஸ்கெட்டும் போல்ட் வாசர்களும் புதியதாக இருக்கட்டும். தட்டின் அடியில் சாம்பல் நிறப் பசை மெல்லிதாகப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். மின்னும் உலோகத் துணுக்குகளோ கருகிய வாடையோ இருந்தால் ஆயில் மாற்றிப் பயனில்லை, எனக்குத் தெரியப்படுத்துங்கள். டிப்ஸ்டிக் குழாய் வழியாக டெக்ஸ்ரான் வகை ஆயிலைச் சுமார் 4 லிட்டர் ஊற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். கன்வெர்ட்டர் உறிஞ்சிக்கொள்ளக்கொள்ள மீதியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, ‘பி’க்குத் திரும்பி, எஞ்சின் ஓடும்போதே அளவு பாருங்கள். ஆயில் சூடாக இல்லாதபோது மேல் கோடு வரை நிரப்பினால் சூடானபின் அளவு மீறிவிடும். ஆகவே கானாடுகாத்தானிலிருந்து திருமயம் வரை ஓட்டி வந்து, சமதரையில் நிறுத்தி, இறுதி அளவைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைக்க வேட்டித் துணி வேண்டாம். அதன் நூல் ஒன்று உள்ளே போனாலும் வால்வில் சிக்கும். நூல் உதிராத தாளோ தோல் துண்டோ போதும். இந்த மாதக் கடைசியில் கானாடுகாத்தான் பக்கம் வருவேன். ஒயரிங் வேலையை அப்போது தொடங்குவதானால் கிரிம்பிங் கருவியைக் கையோடு எடுத்துவருகிறேன்.